கடலோர ஊரிலிருந்து குல்மார்க்குக்கு: பனிச்சறுக்குக் கையுறைகள் பற்றிய நீண்டகால அனுபவம்

பனிச்சறுக்குக் கையுறைகளைப் பற்றிய மதிப்பீடுகளைப் பெரும்பாலும் பனி விழும் ஊர்களில் வசிப்பவர்களே எழுதுகிறார்கள். புதுச்சேரியிலிருந்து ஆண்டுதோறும் காஷ்மீருக்குச் சென்று சறுக்கிவிட்டுத் திரும்பும் எங்களைப் போன்றவர்களுக்கு அவை பாதியளவே உதவுகின்றன. எங்கள் கையுறை ஆண்டில் சில வாரங்கள் மட்டும் மலையில் இருக்கிறது. மீதி மாதங்களை வங்கக் கடலின் உப்புக்காற்று வீசும் வீட்டின் அலமாரியில் கழிக்கிறது. பல பனிக்காலங்களாகப் பயன்படுத்தியதில் என் உறுதியான கருத்து, கடலோரவாசிகள் கையுறையின் கதகதப்பைப் பார்ப்பதற்கு முன்பாக, அதன் உள்ளுறையைத் தனியே கழற்ற முடிகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதே.

எங்கள் குழுவில் பெரும்பாலோர் பிரான்சில் படித்தபோதோ வேலை பார்த்தபோதோ ஆல்ப்ஸ் மலையில் சறுக்கக் கற்றுக்கொண்டவர்கள். பிரான்சோடு உறவு விட்டுப்போகாத புதுவைக் குடும்பங்களில் இது அரிதான செய்தியன்று. ஊர் திரும்பிய பிறகு எங்களுக்கு வாய்த்த மலை குல்மார்க். அங்குள்ள கோண்டோலா என்னும் கம்பிவட ஊர்தியை அமைத்ததும் பிரான்சின் கிரெனோபிள் பகுதியைச் சேர்ந்த போமா நிறுவனம்தான் என்பது, அந்நகரில் படித்தவன் என்ற முறையில் எனக்குத் தனி மகிழ்ச்சி தரும் செய்தி. அதன் முதல் கட்டம் 1998ஆம் ஆண்டிலும் இரண்டாம் கட்டம் 2005ஆம் ஆண்டிலும் இயங்கத் தொடங்கின.

கையுறையை மதிப்பிடுவதற்கு அந்த மலையின் அமைப்பைத் தெரிந்துகொள்வது அவசியம். குல்மார்க் புல்வெளி சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; முதல் கட்டம் கோங்தூரி வரையிலும், இரண்டாம் கட்டம் அபர்வத் மலைத்தோளில் சுமார் 3,950 மீட்டர் வரையிலும் ஏற்றிச் செல்கின்றன. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பதால், கீழே வரிசையில் நிற்கும்போது இதமாக இருக்கும் கையுறை மேலே இறங்கிய சில நிமிடங்களில் போதாமல் போகலாம். காற்றும் சேர்ந்தால் நிலைமை இன்னும் கடுமையாகும்: வெப்பநிலை மைனஸ் 10 டிகிரியாக இருக்கும்போது மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 20 டிகிரியைப் போல உறைக்கும். கோண்டோலா மூடிய பெட்டி என்பதால் அதில் கைக்குத் தொல்லையில்லை. கோங்தூரியிலிருந்து மேரி தோள்முகடு வரை செல்லும் சேர் லிஃப்ட்தான் உண்மையான சோதனை. திறந்த இருக்கையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது உடல் உற்பத்தி செய்யும் வெப்பம் குறைந்துவிடுகிறது. காற்றோ நேராக விரல்களில் மோதுகிறது. ஒரு கையுறை நல்லதா இல்லையா என்பதை நான் அந்த இருக்கையில்தான் முடிவு செய்கிறேன்.

நான் நெடுங்காலம் அணிந்தது, நீர்புகாத சவ்வு ஒட்டிய செயற்கைத் துணிக் கையுறை. மலையில் அதன்மேல் எனக்குப் பெரிய குறையில்லை. புதுப்பனியில் விழுந்து எழுந்தாலும் உள்ளே ஈரம் புகவில்லை; விரல்களும் ஓரளவு எளிதாக மடங்கின. பலகையைத் தோளில் சுமந்து செல்லும்போது அதன் எஃகு விளிம்பு உரசும் பெருவிரல் இடுக்கில் மட்டும் துணி விரைவாக நைந்தது. தொடக்கநிலைச் சரிவுகளில் இழுவை லிஃப்டைப் பிடித்து ஏறுபவர்களுக்கு உள்ளங்கையும் அப்படியே தேயும். ஆனால் அந்தக் கையுறையின் முடிவு வீட்டிலேயே நேர்ந்தது. ஒரு மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தபோது, மணிக்கட்டுப் பகுதியின் உட்பக்கப் பூச்சு விரலில் ஒட்டும் பசையாக மாறியிருந்தது. நகத்தால் தொட்டால் மெல்லிய செதில்களாக உரிந்து வந்தது. பாலியூரித்தேன் பூச்சு வெப்பமும் ஈரமும் சேர்ந்த காற்றில் நீரால் சிதையும் தன்மையுடையது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கமான நம் ஊரில் அந்தச் சிதைவு வேகமெடுக்கிறது. சில பனிச்சறுக்குக் காலணிகளின் வெளிக்கூடும் இதே வகைப் பொருளால் ஆனது என்பதால், பழைய காலணிகளை ஊரிலிருந்து எடுத்துச் செல்பவர்கள் கிளம்பும் முன் அவற்றை வளைத்துப் பார்ப்பது நல்லது.

அதன்பின் தோல் கையுறைக்கு மாறினேன். நான் தேர்ந்தெடுத்தது, சுவீடனின் ஹெஸ்ட்ரா நிறுவனம் தயாரிக்கும் ஹெலி ஸ்கீ வகை. உள்ளங்கைப் பக்கம் ஆட்டுத் தோல், புறங்கைப் பக்கம் துணி, தனியே கழற்றக்கூடிய உள்ளுறை, மணிக்கட்டோடு பிணைக்கும் பட்டை ஆகியவை அதன் அமைப்பு. பட்டையைச் சிறிய விஷயமாக எண்ணிவிடக் கூடாது. சேர் லிஃப்டில் கையுறையைக் கழற்றி முகக்கண்ணாடியைத் துடைக்கும்போது நழுவினால், கீழே ஆழப்பனியில் விழுந்த கையுறையைத் தேடி எடுப்பது அநேகமாக நடக்காத காரியம். தோல் முதல் சில நாட்களுக்கு விறைப்பாக இருந்து, பிறகு கையின் வடிவத்துக்கு அமைந்துவிட்டது. உலர்ந்த பனியில் அது மிகச் சிறப்பாக உழைக்கிறது.

மெல்லிய மெரினோ கம்பளி உறையை அடியில் அணிவதை நான் எல்லோருக்கும் வலியுறுத்துவேன். அபர்வத்தில் இறங்கியதும் காலணியின் கொக்கிகளை இறுக்க வேண்டும், பனிச்சரிவில் சிக்கியவர்களைக் கண்டறியும் டிரான்ஸீவர் கருவியைச் சோதிக்க வேண்டும், முதுகுப்பையைத் திறக்க வேண்டும். இந்த வேலைகளுக்காகத் தடித்த கையுறையைக் கழற்றும்போது கைத்தோல் நேரடியாகக் காற்றில் படாமல் அந்த மெல்லுறை காக்கிறது. குல்மார்க்கில் பனிச்சரிவு அச்சம் ஏட்டளவில் உள்ளதன்று. 2023 பிப்ரவரியில் அபர்வத் பகுதியில் இரு போலந்து நாட்டவரும், 2024 பிப்ரவரியில் ஒரு ரஷ்யரும் பனிச்சரிவில் உயிரிழந்தார்கள். ஐந்து நிலைகளில் சொல்லப்படும் அபாய அறிவிப்பைப் படிக்காமல் சறுக்குப் பகுதியின் எல்லைக் கயிற்றைத் தாண்டிப் போகக் கூடாது. டிரான்ஸீவரின் பொத்தானைக் கையுறையோடு அழுத்த முடிகிறதா என்று விடுதி அறையிலேயே பழகிப் பார்த்துவிடுவதும் அவ்வளவு முக்கியம்.

ஈரம் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. ஒரு நாள் முழுக்கச் சறுக்கினால் வியர்வையால் உள்ளுறை நனைந்துவிடும். மறுநாள் காலைக்குள் அது உலராவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த கையுறையும் பயன்படாது. காஷ்மீர் விடுதிகளில் புகாரி என்னும் விறகடுப்பு அறையைச் சூடாக்குகிறது. அதன் அருகில் தோலை வைத்தால் எண்ணெய்ப்பசை வற்றி, தோல் விறைத்து வெடிக்கும். உள்ளுறையை மட்டும் கழற்றி அடுப்பிலிருந்து தள்ளித் தொங்கவிட்டு, தோலுறையை அறையின் மறுகோடியில் வைப்பேன். இரண்டும் ஒன்றாகத் தைக்கப்பட்ட கையுறையில் இந்த வசதி கிடையாது.

தோலுக்கும் நம் ஊரில் ஓர் எதிரி உண்டு. ஐப்பசி மழை தொடங்கியதும் தையல் ஓரங்களில் ஊசிமுனையளவு வெண்புள்ளிகளாகப் பூசணம் தோன்றும். நேரு வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் பைகளும் செருப்புகளும் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் பிரிந்த தையலைச் சரிசெய்யக் கொடுத்தபோது அவர் சொன்னதையே இன்றுவரை கடைப்பிடிக்கிறேன். "தம்பி, தோலுக்கு வெயிலும் ஆகாது, புழுக்கமும் ஆகாது. நிழல்ல நல்லா காய வெச்சு, மெழுகு தடவி, துணிப்பையில போட்டு வைங்க. பிளாஸ்டிக் பையில மட்டும் கட்டிடாதீங்க." பனிக்காலம் முடிந்து வந்ததும் தோலுறையைத் துடைத்து, சில நாட்கள் மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, தேன்மெழுகைத் தையல்களில் நன்றாக அழுத்தித் தேய்த்து, பருத்திப் பையில் வைக்கிறேன். உள்ளுறையையும் மெல்லுறையையும் துவைத்து, முழுதும் உலர்ந்தபின் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப்புகாத டப்பாவில் இடுகிறேன். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை இரண்டையும் எடுத்துப் பார்ப்பேன். சறுக்குப் பலகையின் எஃகு விளிம்புகளுக்கும் உப்புக்காற்றிலிருந்து காப்பு வேண்டும். அடிப்பரப்பிலும் விளிம்பிலும் தடித்த மெழுகுப் பூச்சை விட்டுவைத்தால் துரு அண்டுவதில்லை.

அண்மைய பனிக்காலங்கள் கையுறைத் தேர்வையே மாற்றி யோசிக்க வைத்திருக்கின்றன. 2024 ஜனவரியில் குல்மார்க் பெரும்பாலும் பனியின்றிக் கிடந்தது. 2025இல் போதிய பனி இல்லாததால் பிப்ரவரியில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளை மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். நமக்கு வடகிழக்குப் பருவமழை எப்படியோ, அப்படித்தான் அவர்களுக்கு மத்தியதரைக் கடல் பக்கமிருந்து மழையும் பனியும் கொண்டுவரும் மேற்கத்திய இடையூறுகள் என்னும் காற்றமைப்புகள். அவை தாமதித்தால் பயணம் மார்ச்சை நோக்கி நகர்கிறது. மார்ச் மாதப் பனி கனமானது, நீர் நிறைந்தது. மைனஸ் 12 டிகிரியில் தட்டினால் உதிர்ந்துவிடும் பனி, பூச்சியத்தை ஒட்டிய வெப்பத்தில் கையுறையிலேயே உருகுகிறது. அத்தகைய நாட்களில் தோலில் மெழுகு குறைந்திருந்தால் மதியத்துக்குள் விரல்நுனிகள் ஈரமாகிவிடும். இந்த ஒரு சூழலில் சவ்வுக் கையுறைதான் மேல் என்பதை மறுக்க மாட்டேன்.

கை எளிதில் விறைத்துப்போகிறவர்களுக்கு, நான்கு விரல்களும் ஒரே அறையில் இருக்கும் மிட்டன் வகையையே பரிந்துரைப்பேன். எங்கள் குழுவில் வரும் என் அண்ணி, எந்தக் கையுறையிலும் விரல் மரத்துப்போவதாகச் சொல்லி வந்தவர், மிட்டனுக்கு மாறிய பிறகு சேர் லிஃப்டில் கடைசிச் சுற்று வரை உடன் வருகிறார். கொக்கி மாட்டுவது அதில் சற்றுச் சிரமம்; மெல்லுறை அணிந்திருந்தால் அதையும் சமாளிக்கலாம்.

புதிதாக வாங்குபவர் விலையுயர்ந்த ஒரு ஜோடிக்குப் பணம் முழுவதையும் செலவிடாமல், உள்ளுறை தனியே விற்கப்படும் தோல் கையுறை ஒன்றையும் மாற்று உள்ளுறை ஒன்றையும் சேர்த்து வாங்கலாம். என் தோலுறை இன்னும் சில பனிக்காலங்கள் தாங்கும். உள்ளுறையில் பஞ்சு படிந்து தட்டையாகிவிட்டதால், அடுத்த பயணத்துக்கு முன் அதை மட்டும் புதிதாக வாங்கவிருக்கிறேன்.