டேலி - எக்செல் 'லைவ்' இணைப்பு என்று யாராவது விற்க வந்தால், பணம் கொடுக்கும் முன் இதைப் பாருங்கள்

டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளில் உள்ள கணக்கை எக்செலோடு இணைத்துத் தருகிறோம், பட்டனைத் தட்டினால் லாப நஷ்டக் கணக்கும் பேலன்ஸ் ஷீட்டும் வந்து நிற்கும் என்று சொல்லி எங்கள் அலுவலகத்துக்கு ஒரு ஃபைலை விற்றார்கள். முழுத் தொகையும் முன்பணமாகவே போனது. ஃபைலைப் பிரித்துப் பார்த்தால் இணைப்பே இல்லை.

டேட்டா மெனுவில் 'குவெரீஸ் அண்ட் கனெக்‌ஷன்ஸ்' காலி. டேலியில் ஆல்ட் + ஈ (எக்ஸ்போர்ட்) கொடுத்து யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கக்கூடிய டிரையல் பேலன்ஸை, அதாவது எல்லா லெட்ஜர்களின் இருப்புப் பட்டியலை, ஒட்டி வைத்திருந்தார்கள். எக்செலில் ஆல்ட் + எஃப்11 அழுத்தி 'ரெஃப்ரெஷ்' பட்டனுக்குப் பின்னால் இருக்கும் மேக்ரோவை (குட்டி நிரலை) திறந்தால், அது செய்த ஒரே வேலை தலைப்பில் தேதியை மாற்றுவது!

இதைவிட ஆபத்து இரண்டு ஃபார்முலாக்கள். டேலியிலிருந்து தரவாக வரும்போது டெபிட் மைனஸாகவும் கிரெடிட் பிளஸாகவும் வரும். அந்த மைனஸை மறைக்க எல்லாவற்றுக்கும் 'ஏபிஎஸ்' (குறியை நீக்கி எண்ணை மட்டும் தரும் ஃபார்முலா) போட்டிருந்தார்கள். 40,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்த வாடிக்கையாளர் 40,000 பாக்கிக்காரர் ஆகிவிடுவார், வரவேண்டிய தொகையில் 80,000 வித்தியாசம். அடுத்தது, பேலன்ஸ் ஷீட்டின் அடியில் 'ரவுண்ட் ஆஃப்' என்று ஒரு வரி. இரு பக்கமும் எவ்வளவு ஒத்துப்போகாவிட்டாலும் அந்த வித்தியாசத்தை அப்படியே விழுங்கும் ஃபார்முலா அது. புது லெட்ஜர் விட்டுப்போனாலும் ஷீட்டில் இரு பக்கமும் சமமாகவே தெரியும்.

நிஜமான இணைப்புக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். டேலியில் எஃப்1, செட்டிங்ஸ், கனெக்டிவிட்டி. அங்கே கிளையன்ட்/சர்வர் கான்ஃபிகரேஷனில் 'போத்', ஓடிபிசி (மற்ற மென்பொருள் தரவை எடுக்க உதவும் இணைப்பு வழி) 'யெஸ்', போர்ட் 9000 கொடுத்து டேலியை மூடித் திறக்க வேண்டும். பிறகு எக்செலில் கெட் டேட்டா, ஃப்ரம் ஓடிபிசி. லெட்ஜர் டேபிளில் பெயர், பேரன்ட் (அது சேரும் குரூப்), க்ளோசிங் பேலன்ஸ் மூன்றும் போதும். டேலி திறந்து, உங்கள் கம்பெனி ஆக்டிவாக இருக்க வேண்டும். டேலியில் ஆல்ட் + எஃப்2-வில் (பீரியட்) எந்தக் காலம் இருக்கிறதோ அந்த இருப்புதான் வரும். முக்கால்வாசி 'தப்பாக வருது' புகாருக்கு இதுதான் காரணம். எக்செல் 32 பிட், ஓடிபிசி டிரைவர் 64 பிட் என்றால் இணையவே இணையாது.

விற்க வருபவரின் ஃபைலைச் சோதிக்க, பேக்கப்பை வேறு ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்து அந்தக் கம்பெனியில் ஒரு ரூபாய் ரொக்க ரசீது போடச் சொல்லுங்கள். அசல் கம்பெனியில் வேண்டாம், எடிட் லாக் (மாற்றங்களைப் பதிந்து வைக்கும் வசதி) இருந்தால் அழித்தாலும் தடம் நிற்கும். ரெஃப்ரெஷ் கொடுத்ததும் கேஷ் லெட்ஜரில் அந்த ஒரு ரூபாய் தெரிய வேண்டும்.

வவுச்சர் வாரியாக வேண்டுமென்றால் டிடிஎல் (டேலியின் நிரல் மொழி) எழுதுவார்கள், அதற்குக் கட்டணம் கேட்பது நியாயமே. ஆனால் அதைப் பூட்டிய வடிவமான டிசிபி ஃபைலை மட்டும் கொடுத்துவிட்டுப் போனால் உள்ளே பார்க்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. டேலியை அப்டேட் செய்து அது நின்றுபோனால் மறுபடி அவர்களிடம்தான் போக வேண்டும். சோர்ஸ் ஃபைலும் சேர்த்துத் தரவேண்டும் என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.