லீட்கோடு: ‘அக்செப்டெட்’ வந்த பிறகுதான் பயிற்சியே தொடங்குகிறது

கல்லூரி முடித்து முதல் சாஃப்ட்வேர் வேலைக்கு முயற்சி செய்கிறவர்களுக்கு யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் பெயர், கோடிங் பயிற்சித் தளமான லீட்கோடு. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ப்ராப்ளம்கள், ஈஸி, மீடியம், ஹார்ட் என்று மூன்று தரம், பெரும்பகுதி இலவசம். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். பழைய லேப்டாப் ஆனாலும் பிரவுசரிலேயே சி++, ஜாவா, பைத்தான் எதிலும் எழுதி ஓட்டிப் பார்க்கலாம். காசு செலவழிக்காமல் பயிற்சி எடுக்க இதைவிட நல்ல இடம் இன்று இல்லை. ஆனால் இந்தத் தளம் நமக்காகவே செய்து கொடுத்துவிடுகிற சில வேலைகள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் உட்கார்ந்தால், 300 ப்ராப்ளம் முடித்தவரும் கம்பெனி டெஸ்ட்டில் முதல் பத்து நிமிடத்திலேயே தடுமாறுவார்.

முதல் ப்ராப்ளத்தையே எடுத்துக்கொள்வோம். ‘டூ சம்’. ஒரு அரேயும் (எண்களின் வரிசை) ஒரு டார்கெட்டும் கொடுப்பார்கள். கூட்டினால் டார்கெட் வருகிற இரண்டு எண்களின் இண்டெக்ஸ் (0-விலிருந்து எண்ணும் இட எண்) வேண்டும். [2, 7, 11, 15], டார்கெட் 9 என்றால் விடை [0, 1]. இரண்டு லூப் போட்டு எல்லா ஜோடிகளையும் பார்த்தாலும் இது பாஸ் ஆகிவிடும், ஏனென்றால் இங்கே அரேயின் அதிகபட்ச நீளம் 10,000 மட்டும்தான். பச்சை எழுத்தில் ‘அக்செப்டெட்’ வரும். அதோடு அடுத்த ப்ராப்ளத்துக்குத் தாவிவிட்டால் கற்றுக்கொண்டது ஒன்றுமில்லை. நேர்காணலில் எதிரே இருப்பவர் அடுத்து கேட்கப்போவதே, “இதை ஒரே லூப்பில் செய்ய முடியுமா?” என்பதுதான். விடை ஹேஷ்மேப்: பார்த்த எண்ணையும் அதன் இடத்தையும் குறித்துவைத்து உடனே தேடி எடுக்க உதவும் அட்டவணை. அதிலும் ஒரு பொறி உண்டு. இரண்டாவது சாம்பிள் [3, 2, 4], டார்கெட் 6. எண்ணை முதலில் மேப்பில் போட்டுவிட்டு அப்புறம் தேடினால், முதல் 3 தன்னையே ஜோடியாகக் கண்டுபிடித்து [0, 0] என்று விடை தரும். முதலில் தேட வேண்டும், பிறகு போட வேண்டும். இந்த வரிசை ஏன் முக்கியம் என்று வாய்விட்டுச் சொல்லத் தெரிந்தால்தான் இந்த ப்ராப்ளம் முடிந்தது என்று அர்த்தம்.

லீட்கோடு தருகிறவற்றில் பெரும்பாலோர் கண்ணில் படாத நல்ல விஷயம், கேள்வியின் அடியில் இன்புட்டின் அளவு வரம்புகளைச் சொல்லும் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் பகுதி. எந்த வழியில் போக வேண்டும் என்பதை அதுவே பாதி சொல்லிவிடும். ஒரு விநாடிக்குச் சுமார் பத்து கோடி எளிய ஆபரேஷன்கள் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். நீளம் ஒரு லட்சம் வரை போகலாம் என்று போட்டிருந்தால், லூப்புக்குள் லூப் ஆயிரம் கோடி ஆபரேஷன். ‘டைம் லிமிட் எக்ஸீடட்’ (நேர வரம்பு தாண்டிவிட்டது) நிச்சயம். அங்கே சார்ட்டிங், ஹேஷ்மேப், டூ பாயின்ட்டர், பைனரி சர்ச் இவற்றில் ஏதோ ஒன்றைத்தான் தேட வேண்டும். நீளம் 20க்குள் என்றால் எல்லா வாய்ப்புகளையும் போட்டுப் பார்க்கும் பேக்டிராக்கிங்கே போதும் என்று ஜாடை காட்டுகிறார்கள். கேள்வியைப் படித்ததும் டைப் அடிக்கத் தொடங்காமல் இந்த வரிகளை முதலில் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டால், அதுவே பாதி பயிற்சி.

ஒரே ஒரு லூப்தான் போட்டேன், ஏன் டைம் லிமிட் என்று புலம்புகிறவர்கள் நிறைய. காரணம் பெரும்பாலும் ஒளிந்திருக்கும் இரண்டாவது லூப். பைத்தானில் லூப்புக்குள் ஒரு லிஸ்ட்டில் ‘இன்’ போட்டுத் தேடினால், அது ஒவ்வொரு முறையும் லிஸ்ட் முழுக்க நடந்து பார்க்கிறது; லிஸ்ட்டை செட்டாக மாற்றினால் சரியாகிவிடும். ஜாவாவில் லூப்புக்குள் ஸ்ட்ரிங்கோடு ஸ்ட்ரிங்கைக் கூட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு தடவையும் முழு ஸ்ட்ரிங்கும் புதிதாக நகலெடுக்கப்படுகிறது. அங்கே ஸ்ட்ரிங்பில்டர் வேண்டும். இந்த மாதிரித் தவறுகளைக் கையும் களவுமாகப் பிடித்துக்காட்டுவதில் லீட்கோட்டின் டெஸ்ட் கேஸ்கள் உண்மையிலேயே நன்றாக அமைந்திருக்கின்றன. 278ஆம் எண் ‘ஃபர்ஸ்ட் பேட் வெர்ஷன்’ அதற்கு நல்ல உதாரணம். சாதாரண பைனரி சர்ச்தான்: நடுவில் பார்த்து, பாதியை ஒதுக்கிக்கொண்டே போவது. ஆனால் எண்கள் 2,147,483,647 வரை போகும். நடு இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு முனைகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால், ஜாவாவில் அந்தக் கூட்டுத்தொகை இன்ட் என்ற முழு எண் வகைக்குள் அடங்காமல் மைனஸுக்குப் போய், லூப் முடியாமல் சுற்றும். சி++ என்றால் ரன்டைம் எரர். கீழ் முனையோடு, வித்தியாசத்தில் பாதியைக் கூட்ட வேண்டும். பைத்தானில் எழுதுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் வரவே வராது. அதனாலேயே அவர்கள் இதைத் தனியாகத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

இனி குறைகள். முதலாவதும் பெரியதும்: லீட்கோட்டில் நீங்கள் எழுதுவது ஒரு ஃபங்ஷன் மட்டும். இன்புட்டை வாங்குவது, விடையை அச்சடிப்பது எல்லாம் தளமே பார்த்துக்கொள்கிறது. கேம்பஸ் டெஸ்ட்களில் பல அப்படி இல்லை. முதல் வரியில் எண்ணிக்கை, இரண்டாவது வரியில் எண்கள், சில சமயம் மூன்றாவது வரியில் ஒரு வாக்கியம் என்று வரும். முழு புரோகிராமும் நீங்களே எழுத வேண்டும். ஜாவாவில் ஸ்கேனரை வைத்து நெக்ஸ்ட்இன்ட் போட்டு எண்ணை வாங்கிவிட்டு, உடனே நெக்ஸ்ட்லைன் போட்டால் காலி வரிதான் கிடைக்கும். எண்ணுக்குப் பின்னால் அழுத்திய என்டர் இன்னும் அங்கேயே இருப்பதுதான் காரணம். நடுவில் இன்னொரு நெக்ஸ்ட்லைன் போட்டு அதை விழுங்கிவிட வேண்டும், அல்லது எல்லாவற்றையும் வரியாகவே படித்து இன்ட்டாக மாற்ற வேண்டும். இன்புட் லட்சக்கணக்கில் வந்தால் ஸ்கேனரே மெதுவாகிவிடும். பஃபர்ட்ரீடர் பழகியிருக்க வேண்டும். பைத்தானில் எண்கள் ஒரே வரியில் வருமா, பல வரிகளில் வருமா என்ற சந்தேகம் இருந்தால், ஸ்டாண்டர்ட் இன்புட் முழுவதையும் ஒரே மூச்சில் படித்து ஸ்ப்ளிட் செய்துவிடுவது பாதுகாப்பு.

இதற்குத் தீர்வு சுலபம். லீட்கோட்டில் ஒரு ப்ராப்ளம் பாஸ் ஆனதும், அதே ப்ராப்ளத்தை உங்கள் கணினியில் மெயினோடு சேர்த்து, இன்புட் வாங்கி, விடையை அச்சடிக்கும் முழு புரோகிராமாக இன்னொரு முறை எழுதுங்கள். பத்து நிமிடம் ஆகும். அல்லது வாரத்துக்கு இரண்டு நாள் ஹேக்கர்ரேங்க் பக்கம் போங்கள். திருச்சி என்.ஐ.டி.யில் படித்த விவேக் ரவிசங்கரும் ஹரி கருணாநிதியும் தொடங்கிய தளம் அது. நிறுவனங்கள் தேர்வு நடத்தவும் அதைப் பயன்படுத்துகின்றன என்பதால் அதன் திரை பழகிப்போயிருப்பதே ஒரு வசதி. கல்லூரியில் ஸ்கில்ரேக் என்ற பயிற்சித் தளத்தில் கணக்கு கொடுத்திருந்தால் அதையும் சும்மா விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது குறை, தளம் நமக்குக் கொடுக்கும் செல்லம். சப்மிட் செய்து தோற்றால், எந்த டெஸ்ட் கேஸில் தோற்றது, என்ன விடை வந்திருக்க வேண்டும் என்று லீட்கோடு அப்படியே காட்டிவிடும். கற்றுக்கொள்ளும்போது அது வரம். ஆனால் கம்பெனி டெஸ்ட்டில் மறைத்துவைத்த டெஸ்ட் கேஸ்களில் 15க்கு 11 பாஸ் என்று மட்டும் வந்து நிற்கும். மீதி நான்கு என்னவென்று நீங்களே ஊகிக்க வேண்டும். ஆகவே சப்மிட் பட்டனைத் தொடுவதற்கு முன்னால், காலி அரே, ஒரே ஒரு எண், எல்லாம் ஒரே எண், மைனஸ் எண்கள், கன்ஸ்ட்ரெயின்ட்டின் உச்ச அளவு என்று ஐந்து கேஸ்களை நீங்களே டெஸ்ட்கேஸ் பெட்டியில் போட்டு ‘ரன்’ கொடுத்துப் பாருங்கள். முதல் சப்மிட்டிலேயே பாஸ் ஆவது எத்தனை முறை என்று குறித்துக்கொண்டு வந்தால், அதுவே உங்கள் உண்மையான மதிப்பெண். “80 சதவீதம் பேரை முந்திவிட்டீர்கள்” என்று காட்டும் ரன்டைம் எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம். அதே கோடை மறுபடி சப்மிட் செய்தால் அந்த எண் மாறும்.

மூன்றாவது, லீட்கோடு தொடாத ஒரு சுற்று. சோஹோ மாதிரியான நிறுவனங்களின் நேர்காணலுக்குத் தயாராகிறவர்களிடையே வெகுகாலமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் கால் டாக்சி கேள்வி பலருக்குத் தெரிந்திருக்கும். ஏ முதல் எஃப் வரை நேர்க்கோட்டில் ஆறு இடங்கள், அடுத்தடுத்த இடங்களுக்கு நடுவே 15 கிலோமீட்டர், கடக்க 60 நிமிடம். முதல் 5 கிலோமீட்டருக்கு 100 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 10 ரூபாய். அதாவது ஏ-யிலிருந்து பி-க்கு 200, சி-க்கு 350. தொடக்கத்தில் நான்கு டாக்சியும் ஏ-யில் நிற்கும். அழைப்பு வந்தால் அங்கேயே காலியாக இருக்கும் வண்டி, இல்லையென்றால் மிக அருகில் இருக்கும் காலி வண்டி. ஒரே இடத்தில் இரண்டு இருந்தால் குறைவாகச் சம்பாதித்த வண்டி. இதில் அல்காரிதம் ஒன்றும் பெரிதில்லை. டாக்சி, புக்கிங் என்று கிளாஸ் பிரித்து, மெனுவோடு ஓடுகிற ஒரு கன்சோல் அப்ளிகேஷனை எழுதி முடிப்பதுதான் சவால். சறுக்குகிற இடங்களும் ஏறக்குறைய ஒன்றேதான்: வண்டி இறக்கிவிட்ட இடத்தை மாற்றிவிட்டு, அது எப்போது காலியாகும் என்ற நேரத்தை மாற்ற மறப்பது, எல்லாவற்றையும் மெயினுக்குள்ளேயே எழுதிவிட்டு, “இப்போது கேன்சல் வசதி சேருங்கள்” என்றதும் மொத்தத்தையும் பிரிக்க வேண்டிவருவது. ரயில் டிக்கெட் முன்பதிவு, பாம்பும் ஏணியும் போன்றவற்றையும் இதே பாணியில் மூன்று மணி நேரம் வைத்துக்கொண்டு எழுதிப் பழக வேண்டும். லீட்கோட்டில் ஆயிரம் போட்டாலும் இந்தப் பழக்கம் வராது.

எத்தனை ப்ராப்ளம் போதும்? 150 நன்றாகத் தெரிந்தால் முதல் வேலைக்குத் தாராளம். தளத்திலேயே ‘லீட்கோடு 75’, ‘டாப் இன்டர்வியூ 150’ என்று இலவசத் திட்டங்கள் உள்ளன. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். அரே, ஸ்ட்ரிங், ஹேஷ்மேப் மூன்றுக்கும் மூன்று வாரம் கொடுங்கள். பிறகு டூ பாயின்ட்டர், ஸ்லைடிங் விண்டோ, ஸ்டாக், பைனரி சர்ச், லிங்க்ட் லிஸ்ட், ட்ரீ. கிராஃப் அதற்குப் பிறகு. டைனமிக் புரோகிராமிங்கைக் கடைசியில் வைத்தால் போதும். அதில் மாட்டிக்கொண்டு மனம் உடைந்து பாதியில் விட்டவர்கள் அதிகம். ஒரு மீடியம் ப்ராப்ளத்தில் 30 நிமிடம் முயன்றும் வழி தெரியாவிட்டால் சொல்யூஷன்ஸ் பகுதியைத் திறப்பதில் தப்பில்லை. படித்ததும் மூடிவிட்டு, பார்க்காமல் எழுத வேண்டும். மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் வெற்றுத் திரையிலிருந்து மறுபடி எழுத வேண்டும். அப்போதும் வந்தால்தான் அது உங்களுடையது.

ஞாயிறு காலை 8 மணிக்கு நடக்கும் வாராந்திரப் போட்டி, 90 நிமிடத்தில் நான்கு ப்ராப்ளம், நேரத்தோடு பழக நல்ல இடம். தப்பான சப்மிட்டுக்கு 5 நிமிட அபராதம் உண்டு என்பதால் அவசரமும் அடங்கும். முதல் இரண்டை 40 நிமிடத்துக்குள் முடிக்கிறீர்கள் என்றால் பெரும்பாலான பிரெஷர் டெஸ்ட்களுக்குத் தயார். நம் நேரப்படி காலை 5.30க்கு மாறும் தினசரி ப்ராப்ளம் நல்லதுதான். ஸ்ட்ரீக் (விடாமல் தொடர்ந்த நாள் கணக்கு) அறுந்துவிடக் கூடாது என்று இரவு 12 மணிக்கு யாருடைய விடையையோ காப்பி அடிப்பதாக இருந்தால் வேண்டாம்.

டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல் பகுதியைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. ‘எஸ்க்யூஎல் 50’ திட்டத்தைத் தினம் மூன்றாகச் செய்தால் பதினேழு நாளில் முடிந்துவிடும். 176ஆம் எண், இரண்டாவது அதிகபட்ச சம்பளம், நேர்காணல்களில் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த கேள்வி. வரிசைப்படுத்தி லிமிட் 1 ஆஃப்செட் 1 போட்டால், டேபிளில் ஒரே ஒரு சம்பளம் இருக்கும்போது வரியே வராது. கேள்வி கேட்பது ‘நல்’ (மதிப்பு இல்லை என்பதற்கான குறி). அந்த க்வெரியை இன்னொரு செலக்டுக்குள் வைக்க வேண்டும், அல்லது அதிகபட்சத்தைவிடக் குறைவானவற்றில் மேக்ஸ் எடுக்க வேண்டும். டிஸ்டிங்க்ட் மறந்தால், இரண்டு பேர் ஒரே உச்ச சம்பளம் வாங்கும்போது விடை தப்பாகும்.

பேசிக்கொண்டே எழுதுவதை இந்தத் தளம் பழக்காது. வாரம் இரண்டு ப்ராப்ளத்தை ஆட்டோகம்ப்ளீட் இல்லாமல் காகிதத்திலோ வெற்று டாக்குமென்ட்டிலோ, ஒரு நண்பரை எதிரே உட்காரவைத்து விளக்கிக்கொண்டே எழுதுங்கள். தமிழிலேயே தொடங்குங்கள், தப்பில்லை. யோசனை தெளிவாக வெளியே வந்துவிட்டால் இரண்டாவது முறை அதையே எளிய ஆங்கிலத்தில் சொல்வது கடினமாக இருக்காது.

பிரீமியம் வாங்கலாமா? மாதம் 35 டாலர், ஆண்டுக்கு 159 டாலர் என்பது வழக்கமான விலை. கம்பெனி வாரியான கேள்விப் பட்டியல், பூட்டிவைத்த ப்ராப்ளம்கள், கோடை வரிவரியாக ஓட்டிப் பார்க்கும் டீபக்கர் கிடைக்கும். சர்வீஸ் கம்பெனிகளுக்கும் கேம்பஸ் தேர்வுகளுக்கும் தயாராகிறவருக்கு இது தேவையே இல்லை. பூட்டிவைத்தவற்றில் புகழ்பெற்ற ‘மீட்டிங் ரூம்ஸ் 2’ சொல்லித்தரும் யோசனையை, இலவசமாக இருக்கும் 1094ஆம் எண் ‘கார் பூலிங்’கிலேயே பழகிக்கொள்ளலாம். பெரிய புராடக்ட் கம்பெனி ஒன்றிடமிருந்து தேதியோடு அழைப்பு கைக்கு வந்துவிட்டால் மட்டும் ஒரு மாதத்துக்கு வாங்குங்கள். அந்தக் கம்பெனியின் பட்டியலில் சமீபத்தில் கேட்டவற்றை முதலில் முடித்துவிட்டு, மாதம் முடியும் முன்பே ஆட்டோ ரினியூவலை நிறுத்திவிடுங்கள்.