பழைய பூங்காவுக்குப் புதிய படப்பகுதி பொருந்துமா? கேலக்ஸிஸ் எட்ஜும் பண்டோராவும்

மதுரையின் கே.கே. நகரிலும் அண்ணா நகரிலும் தெருவுக்கு நாலு வீட்டில் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். கோடை விடுமுறைக்கு முன்னால் விசா வாங்கிக்கொண்டு கிளம்பும் தாத்தா பாட்டிகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: கலிபோர்னியாவில் உள்ள டிஸ்னிலேண்டா, புளோரிடாவில் உள்ள டிஸ்னி வேர்ல்டா? எந்த ரைடு பெரியது, எந்த டிக்கெட் மலிவு என்பதையெல்லாம் பிள்ளைகளே பார்த்துச் சொல்லிவிடுவார்கள். நான் இங்கே எடுத்துக்கொள்வது அதற்கு அடுத்த கேள்வியை. பல பத்தாண்டுகளாக ஒரு குணத்தோடு இருந்துவரும் பூங்காவுக்குள், ஒரே ஒரு திரைப்பட வரிசைக்கென்று ஏக்கர் கணக்கில் புதிய பகுதியைக் கட்டினால் அது அந்தப் பூங்காவோடு ஒட்டுமா?

என் அக்கா மகன் கலிபோர்னியாவில் வேலை பார்க்கிறான். “மாமா, ஸ்டார் வார்ஸ் பகுதி பிரமாதம். ஆனா அதுக்குள்ள போயிட்டா டிஸ்னிலேண்டுல இருக்கோம்ங்கறதே மறந்துபோகுது. அது நல்லதா கெட்டதான்னு எனக்கே சொல்லத் தெரியல” என்றான். அவன் சொன்னதில்தான் இந்த விவாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். டிஸ்னிலேண்டில் ஸ்டார் வார்ஸுக்கென்று கட்டிய கேலக்ஸிஸ் எட்ஜ், டிஸ்னி வேர்ல்டின் அனிமல் கிங்டம் பூங்காவில் ‘அவதார்’ படத்துக்கென்று கட்டிய பண்டோரா, இந்த இரண்டு பகுதிகளையும் பார்த்த பிறகு என் முடிவு இதுதான்: படம் எவ்வளவு பெரியது, எத்தனை பேர் அதன் ரசிகர்கள் என்பதற்கும் பொருத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. பூங்கா எந்த எண்ணத்தின் மீது எழுப்பப்பட்டதோ, அந்த எண்ணத்தைப் புதிய பகுதி தன் வழியில் மேலே கொண்டுபோகிறதா என்பதே கேள்வி. அப்படிப் பார்த்தால், குறைவாக நேசிக்கப்பட்ட படத்தின் பகுதி நன்றாகப் பொருந்தியிருக்கிறது. உலகமே கொண்டாடும் படத்தின் பகுதி அரைகுறையாகத்தான் பொருந்தியிருக்கிறது.

முதலில் ஒரு தவறான வாதத்தை ஒதுக்கிவிட வேண்டும். ‘அந்தக் காலத்து டிஸ்னிலேண்டில் சினிமா வியாபாரம் இல்லை, இப்போதுதான் கெடுத்துவிட்டார்கள்’ என்று மூத்த ரசிகர்கள் வருத்தப்படுவதுண்டு. 1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவின் அனாஹைமில் திறக்கப்பட்ட அந்தப் பூங்காவில் சினிமா இல்லாத நாள் ஒன்றுகூட இருந்ததில்லை. அதன் நடுவில் நிற்கும் கோட்டை ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ படத்தின் பெயரைத் தாங்கியது. அந்தப் படமோ 1959இல்தான் திரைக்கு வந்தது. ஆக, விளம்பரம் படத்தையே முந்திக்கொண்டு வந்திருக்கிறது. 1987இல் ஸ்டார் வார்ஸ் ரைடான ‘ஸ்டார் டூர்ஸ்’ வந்தது, 1995இல் இந்தியானா ஜோன்ஸ் ரைடு வந்தது. யாரும் பூங்கா போய்விட்டது என்று அழவில்லை. ஏனென்றால் விண்வெளிப் பயணம் எதிர்காலத்தைப் பேசும் டுமாரோலேண்டில் வைக்கப்பட்டது, புதையல் தேடுபவரின் கதை காட்டுப்பயணங்களின் அட்வென்ச்சர்லேண்டில் வைக்கப்பட்டது. பகுதி என்பது ஒரு மனநிலையின் பெயராக இருந்தது; பல கதைகள் அதற்குள் அருகருகே இருந்தன.

கேலக்ஸிஸ் எட்ஜ் இந்த ஏற்பாட்டை மாற்றியது. ஸ்டார் வார்ஸ் படங்களை எடுத்த லூகாஸ்பிலிம் நிறுவனத்தை டிஸ்னி 2012இல் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் விளைவாக 14 ஏக்கரில் எழுந்த இந்தப் பகுதி 2019 மே 31 அன்று திறக்கப்பட்டது. பாட்டூ என்ற கற்பனைக் கோளின் எல்லைப்புறச் சந்தை ஊர் இது. படங்களில் பார்த்த எந்த இடமும் இல்லை, இதற்காகவே உருவாக்கப்பட்ட ஊர். பகுதி முழுவதும் ஒரே ஒரு படவரிசைக்குச் சொந்தம்.

வேலைப்பாட்டைப் பற்றி இரண்டு கருத்துக்கு இடமில்லை. அமெரிக்க எல்லைப்புறக் காலத்தைக் காட்டும் ஃபிரான்டியர்லேண்டு பக்கமாக நடந்து, 1979இலிருந்து ஓடும் சுரங்க ரயில் ரைடான பிக் தண்டர் மலையைக் கடந்து, ஒரு பாறைக் குகைவழிக்குள் நுழைந்தால், சுரங்க ரயிலின் சத்தம் முதுகுக்குப் பின்னால் தேய்ந்து போகிறது; மறுபுறம் வெளியேறும்போது எங்கோ ஒரு கலம் உறுமிக்கொண்டு தலைக்கு மேல் போவதுபோல் கேட்கிறது. கீழே குனிந்து தரையைப் பார்த்தால் காரையில் சக்கரத் தடங்கள் பதிந்திருக்கின்றன. முதல் படங்களில் நடித்த ஆர்2-டி2 இயந்திரத்தின் தடத்தை அச்சாக எடுத்து உருட்டியவை அவை. சந்தையில் குடிநீர்க் குழாய்க்கு மேலே இருக்கும் கலங்கிய தொட்டிக்குள் ஒற்றைக் கண் கொண்ட ஒரு பிராணி அவ்வப்போது தலைகாட்டுகிறது. கோக் பாட்டில்கூட உருண்டையாக, அந்த உலகத்து எழுத்தில் பெயர் பொறித்துத்தான் விற்கப்படுகிறது. படங்களில் வரும் மில்லினியம் ஃபால்கன் விண்கலம் முழு அளவில் நிற்கிறது. அதை ஓட்டும் ரைடில் ஆறு பேருக்கு ஆளுக்கொரு வேலை, இருவர் ஓட்ட, இருவர் சுட, இருவர் பழுதுபார்க்க. 2020 ஜனவரியில் இங்கே திறந்த ‘ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ்’ நான் பார்த்த ரைடுகளில் ஆகச் சிறந்தது என்று தயங்காமல் சொல்வேன்.

அப்படியிருந்தும் பொருத்தம் என்று வரும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை. டிஸ்னிலேண்டின் அடிப்படை எண்ணம், நேற்றும் நாளையும் கற்பனையும் ஒரே மாலையில் கால்நடையாகக் கைக்கெட்டும் என்பது. ஒரு பகுதியில் நிற்கும்போதே அடுத்த பகுதி தூரத்தில் தெரியும், கூப்பிடும். கேலக்ஸிஸ் எட்ஜோ பூங்காவின் மற்ற பாகங்களை மறைத்தால்தான் உயிர் பெறுகிறது. அதனால்தான் வாசல்கள் எல்லாம் வளைந்து வளைந்து போகின்றன. அங்கே வேலை செய்பவர்கள் பாட்டூவாசிகளாகவே பேசுவார்கள். தொடக்கத்தில் கதையின் காலமும் பிந்தைய படங்களின் ஒரு குறுகிய இடைவெளிக்குள் கட்டிப்போடப்பட்டிருந்தது. அதனால் பிள்ளைகள் தேடும் பழைய படப் பாத்திரங்களான டார்த் வேடரையும் லூக்கையும் அப்போது அங்கே பார்க்க முடியவில்லை. இந்த இறுக்கம் பூங்காவின் இயல்புக்கே அந்நியமானது, நிறுவனமும் அதை உணர்ந்திருக்க வேண்டும். 2022இல் ஸ்டார் வார்ஸ் தொடர் ஒன்றின் நாயகனான மாண்டலோரியனும் அவனோடு வரும் குட்டி குரோகுவும் அங்கே நடமாடத் தொடங்கினார்கள். 2025இல், பழைய படங்களின் காலத்துக்கும் இடம் கொடுக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. பகுதி பூங்காவைப் பார்த்து மெல்ல இறங்கி வருகிறது என்றே இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இழப்புக் கணக்கையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இந்தப் பகுதிக்காக 2016இல் பிக் தண்டர் பண்ணை மூடப்பட்டது, அமெரிக்க நதிகள் என்ற நீர்வழியின் வட பகுதி சுருக்கப்பட்டது, ரயில் பாதை திருப்பிவிடப்பட்டது. ஆனால் 2017இல் திறந்தபோது புதிய கரையில் பாறைகளும் அருவிகளும் இருந்தன, படகில் போகிறவருக்கு முன்பைவிடக் காட்சி நன்றாகவே இருந்தது. எடுத்த இடத்தில் பெரும்பகுதி பார்வையாளர் கண்ணில் படாத பின்கட்டு. அந்த விஷயத்தில் டிஸ்னிலேண்டுக்கு வலி குறைவு.

இனி பண்டோரா. புளோரிடாவின் அனிமல் கிங்டம் 1998 ஏப்ரல் 22 அன்று, பூமி தினத்தில் திறக்கப்பட்டது. உயிருள்ள விலங்குகளையும் காடுகளையும் நடுவில் வைத்து, மனிதன் இயற்கைக்கு என்ன செய்கிறான் என்று கேட்கும் பூங்கா அது. ‘அவதார்’ பகுதி வரப்போகிறது என்று 2011இல் அறிவித்தபோது எதிர்ப்பு பலமாக இருந்தது. நீல நிற வேற்றுக்கோள்வாசிகளுக்கும் ஆப்பிரிக்கச் சிங்கத்துக்கும் என்ன சம்பந்தம்? 2009இல் வசூலைக் குவித்த படம் என்றாலும், அதன் பாத்திரங்களின் பெயரைக்கூட யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? கேள்விகள் நியாயமானவை. 2017 மே 27 அன்று 12 ஏக்கரில் பகுதி திறந்தபோது பதிலும் கிடைத்தது.

பதில் கதைக்காலத்தைத் தேர்ந்ததில் இருக்கிறது. படத்தின் சண்டை முடிந்து ஒரு தலைமுறை கழிந்த பிறகுதான் நாம் பண்டோராவுக்குச் சுற்றுலாப் பயணிகளாகப் போகிறோம். கனிமம் தோண்ட வந்த மனிதர்களின் இரும்புக் கட்டடங்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன, கொடிகள் அவற்றை விழுங்கிக்கொண்டிருக்கின்றன. நிஜச் செடிகளுக்கு நடுவே செய்த செடிகளைக் கலந்து நட்டிருக்கிறார்கள், எது எது என்று கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும். படத்தின் நாயகனும் நாயகியும் அங்கே எங்குமே இல்லை, அவர்கள் தேவைப்படவில்லை. ‘ஃபிளைட் ஆஃப் பேசேஜ்’ ரைடில் மோட்டார் பைக்கில் உட்காருவதுபோல் அமர்ந்தால், தொடைகளுக்கு இடையே இருக்கை மெல்ல விரிந்து சுருங்குகிறது. நாம் ஏறியிருக்கும் பறவையின் மூச்சு அது. இன்னொரு உயிரின் மீது உட்கார்ந்திருக்கிறோம் என்று உடம்புக்கு உணர்த்திவிடுகிறார்கள். அந்தப் பூங்காவின் செய்தி முழுவதும் அந்த ஓர் இருக்கையில் இருக்கிறது. வெளியே வந்து சவாரி வண்டியில் ஏறி ஒட்டகச்சிவிங்கிகளைப் பார்க்கும்போது முன்பைவிட மரியாதையோடு பார்த்தேன். கேலக்ஸிஸ் எட்ஜிலிருந்து வெளியே வந்தபோது டிஸ்னிலேண்டின் மற்றப் பகுதிகளைப் பற்றி எனக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை.

மதுரைக்காரர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க நம் சித்திரைத் திருவிழாவைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. மாசியில் நடந்துவந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, தேனூரில் ஆற்றில் இறங்கிவந்த அழகரை மதுரை வைகைக்கு வரவழைத்து, இரண்டு விழாக்களையும் திருமலை நாயக்கர் ஒன்றாக்கினார் என்பது நம் ஊரில் வழிவழியாகச் சொல்லப்படுவது. ஒன்று சைவம், மற்றொன்று வைணவம். ஒட்டாமல் போயிருக்க எல்லாக் காரணமும் இருந்தது. அழகர் தங்கை கல்யாணத்துக்குச் சீர் கொண்டுவரும் அண்ணன் என்ற உறவு இரண்டையும் பிணைத்தது. அதே சமயம் அழகர் மீனாட்சி கோயிலுக்குள் போவதில்லை. கல்யாணம் முடிந்துவிட்டது என்று ஆற்றோடு வண்டியூருக்குப் போகிறார், மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் தருகிறார், மலைக்குத் திரும்புகிறார். உறவும் இருக்கிறது, அவரவர் பாதையும் இருக்கிறது. பண்டோராவில் இரண்டும் உண்டு. கேலக்ஸிஸ் எட்ஜில் தனிப்பாதை மட்டும் உண்டு, உறவைத் தேட வேண்டியிருக்கிறது.

ஒரே படவரிசையை இரண்டு பூங்காக்களில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். டிஸ்னிலேண்டுக்கு எதிரே 2001இல் திறந்த கலிபோர்னியா அட்வென்ச்சர், தன் மாநிலத்தைப் பற்றிய பூங்காவாகத் தொடங்கி முதல் பத்தாண்டு தடுமாறியது. 2012இல் பேசும் கார்களின் கதையான ‘கார்ஸ்’ படத்தின் பகுதி வந்தபோது அது நிமிர்ந்தது. பழைய 66ஆம் எண் நெடுஞ்சாலையும், செம்மண் பாறைகளும், அந்தி சாய்ந்ததும் ஒவ்வொன்றாக எரியும் நியான் விளக்குகளும் கலிபோர்னியாவின் கார் மோகத்தோடு இயல்பாகச் சேர்ந்தன. அதே ‘கார்ஸ்’ இப்போது புளோரிடாவில் 1971இல் திறந்த மேஜிக் கிங்டத்துக்கு வருகிறது. அதற்காக அங்கிருந்த அமெரிக்க நதிகளும், டாம் சாயர் தீவும், துடுப்புச் சக்கர நீராவிப் படகும் 2025 ஜூலையில் மூடப்பட்டன. டிஸ்னிலேண்டில் நதி சுருங்கியது. இங்கே நதியே போய்விட்டது. மலைகளும் மரங்களும் வெந்நீர் ஊற்றுகளும் கொண்ட மேற்குப்புறக் காட்டுப் பகுதியாகக் கட்டுகிறோம், ஃபிரான்டியர்லேண்டோடு சேரும் என்கிறது நிறுவனம். பேசும் கார்களை அந்தக் காட்டில் ஓடவிட்டாலும், குதிரை வண்டிக் காலத்து எல்லைப்புறத்துக்கும் அவற்றுக்கும் உறவுமுறை கற்பிப்பது கடினம். அதைவிடப் பெரிய இழப்பு அந்தத் தண்ணீர். வரிசையில் நின்று களைத்த பெரியவர்கள் எதுவும் செய்யாமல் உட்கார்ந்து பார்ப்பதற்கு அந்தப் பூங்காவில் இருந்த விரிந்த வெளி அது ஒன்றுதான்.

டிஸ்னி வேர்ல்டின் இன்னொரு பூங்காவான எப்காட்டில் நார்வே நாட்டின் அரங்கில் 1988 முதல் ஓடிய படகு ரைடை எடுத்துவிட்டு 2016இல் ‘ஃபுரோசன்’ ரைடை வைத்தது இதைவிடத் தெளிவான பிழை. உண்மையான நாடுகளைக் காட்டும் வட்டத்தில் கற்பனை நாட்டைக் கொண்டுவந்து உட்கார்த்திவிட்டார்கள். பிள்ளைகள் மகிழ்கிறார்கள் என்பதில் ஐயமில்லை, ஆனால் நார்வேயைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை. டிஸ்னியின் போட்டி நிறுவனமான யுனிவர்சலின் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர் பூங்காவில் 2010இல் வந்த ஹாரி பாட்டர் பகுதியை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதே இல்லை. ஒவ்வொரு தீவும் ஒரு கதை என்றே 1999இல் அந்தப் பூங்கா தொடங்கியதால், அங்கே முரண்பாடு எழவில்லை.

நம் பக்கத்தில் பரவை அதிசயம் போன்ற நீர் விளையாட்டுப் பூங்காக்கள் என்றைக்காவது ஒரு பெரிய நடிகரின் படத்தை வைத்துப் பகுதி கட்டலாமா என்று யோசித்தால், மதுரையில் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. சினிமாவுக்குக் கட்அவுட் வைத்துப் பால் ஊற்றும் ஊர் இது. தண்ணீரில் குடும்பத்தோடு நாளைக் கழிக்க வருகிறவர்களுக்கு அந்தப் படம் என்ன செய்யும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பயணம் கிளம்புகிறவர்களுக்கு என் பரிந்துரை இப்படி. ஸ்டார் வார்ஸ் படங்கள் பேரப்பிள்ளைகளுக்கு உயிர் என்றால் அனாஹைமுக்குப் போங்கள். ஆனால் காலையில் நேரே கேலக்ஸிஸ் எட்ஜுக்கு ஓடாதீர்கள். பழைய பகுதிகளை முதலில் பார்த்து, நதியில் படகேறி, பிறகு அங்கே நுழைந்தால் இரண்டையும் இரண்டாகவே ரசிக்கலாம். படங்களைப் பற்றிக் கவலையில்லாத தாத்தா பாட்டிகளுக்கு, ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால், அனிமல் கிங்டம். அங்கே அவதார் படத்தைப் பார்த்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.