ஒரு கமெண்டுக்கு ஊரே மறுபடி பில்டு: நிக்ஸோடு நெடுநாள் பழக்கம்

பேக்கேஜ்களை பில்டு செய்து நிர்வகிக்கும் கருவியான நிக்ஸை எடுக்கலாமா என்று கேட்பவர்கள் முதலில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஏதாவது லைப்ரரியின் பில்டு ஸ்கிரிப்டுக்குள் ஒரே ஒரு கமெண்டு வரி சேருங்கள். அந்த லைப்ரரியும் அதை நம்பியிருக்கும் பேக்கேஜ் அத்தனையும் முதலிலிருந்து பில்டு ஆகும். வெளிவரும் பைனரியில், உள்ளே பதிந்த பாதைகளைத் தவிர, எதுவும் மாறியிருக்காது. சி லைப்ரரி மாதிரி அடிமட்டத்தில் கை வைத்தீர்களோ, அன்றைய வேலை போச்சு.

பில்டு ஆனதை நிக்ஸ் வைக்கும் கிடங்குதான் ஸ்டோர். அதன் பாதையில் வரும் 32 எழுத்து ஹேஷ் (அடையாளக் குறி), பில்டு ஆகி வந்ததைப் பார்த்துப் போடுவதில்லை. செய்முறையைப் பார்த்துப் போடுவது. சோர்ஸ், கம்பைலர், என்விரான்மென்ட் வேரியபிள், ஸ்கிரிப்டின் ஒவ்வொரு எழுத்தும் அதில் அடக்கம். கீழே ஒரு பாதை மாறினால் மேலே எல்லாப் பாதையும் மாறும். அதே கமெண்டை ஸ்கிரிப்ட் ஸ்டிரிங்குக்கு வெளியே, நிக்ஸ் மொழியின் கமெண்டாக எழுதினால் எதுவும் அசையாது. வெளியே எழுதிப் பழகுங்கள்.

இன்னொரு கண்ணி சோர்ஸ் ஃபோல்டர். மொத்த ஃபோல்டரையும் அப்படியே கொடுத்தால் ரீட்மீயில் ஒரு எழுத்துப் பிழை திருத்தினாலும் பில்டுதான். ஃப்ளேக் (நிக்ஸ் புராஜெக்டை அமைக்கும் புதிய முறை) இல்லாமல் பயன்படுத்தினால் ஃபோல்டரின் பெயரே ஹேஷுக்குள் போய்விடும். ஒரே கோடை வேறு பெயரில் க்ளோன் செய்தவருக்கு கேஷ், அதாவது ஏற்கெனவே பில்டு ஆகி இருப்பது, கிடைக்காது. பில்ட்இன்ஸ் பாத் ஃபங்ஷனில் பெயரை நிலையாகக் கொடுத்தால் பெயர்ப் பிரச்சினை தீரும். எந்தெந்த ஃபைல் வேண்டும் என்பதை ஃபைல்செட்டில் சொல்லுங்கள். நிக்ஸின் பேக்கேஜ் தொகுப்பான நிக்ஸ்பிகேஜிஎஸ்ஸின் 23.11 வெளியீட்டில் வந்தது, பழைய ஃபில்டர் ஃபங்ஷனை விட எவ்வளவோ தேவலை. கிட் கமிட் எண்ணை வெர்ஷனில் நுழைப்பவர்கள் அதைக் கடைசி ரேப்பரில் (எல்லாவற்றுக்கும் மேலே சுற்றும் பேக்கேஜில்) மட்டும் வைக்கவும். அடியில் வைத்தால் கமிட்டுக்கு ஒரு முழு பில்டு நிச்சயம். டெஸ்டுகளைத் தனி டெரிவேஷனாக்கி (தனி பில்டு செய்முறையாக்கி), பேக்கேஜோடு கூடுதல் தகவல் ஒட்டும் இடமான பாஸ்த்ரூவில் தொங்கவிடுங்கள். பாஸ்த்ரூவும், பேக்கேஜ் விவரம் எழுதும் மெட்டாவும் ஹேஷில் சேராது.

குறையே சொல்லிக்கொண்டிருந்தால் நியாயமில்லை. டவுன்லோடு செய்யும் டெரிவேஷனில் ஹேஷை முன்கூட்டியே எழுதிவிடுவதால், டவுன்லோடு தளம் (மிரர்) மாறினாலும் டவுன்லோடு கருவி (கர்ல்) மாறினாலும் அதற்கு மேலே எதுவும் திரும்ப பில்டு ஆகாது. அழகான ஏற்பாடு. ஆனால் யூஆர்எல்லில் புது வெர்ஷன் போட்டுவிட்டு ஹேஷை மாற்ற மறந்தால், டெரிவேஷனின் பெயர் மாறாத பட்சத்தில், ஸ்டோரில் இருக்கும் பழைய சோர்ஸையே எடுத்துக்கொண்டு வாயே திறக்காது. ஹேஷை வேண்டுமென்றே காலியாக விட்டு ஓட்டி, அது திட்டும்போது சொல்லும் சரியான ஹேஷை ஒட்டுவதே பாதுகாப்பு.

நிஜமான மருந்து, விளைவைப் பார்த்து ஹேஷ் போடும் டெரிவேஷன். கீழே பில்டு ஆனது பழையபடியே வந்தால் மேலே தொடாமல் நின்றுவிடும். கமெண்டுப் பிரச்சினை அதோடு ஒழிந்தது. ஆனால் பில்டு பைட்டுக்கு பைட்டு ஒரே மாதிரி வரவேண்டும்; எங்காவது பில்டு நேரம் பதிவானால் பலன் பூஜ்யம். பேக்கேஜ் தன் பாதையைத் தனக்குள்ளேயே எழுதி வைத்திருந்தால் நிக்ஸ் அதைக் கண்டுபிடித்து மாற்றி எழுதும், ஆனால் கம்ப்ரஸ் செய்த ஃபைலுக்குள் இருந்தால் கண்ணில் படாது. இந்த வசதி 2021-இல் நிக்ஸின் 2.4 வெளியீட்டிலேயே இருந்தும் இன்னும் சோதனை அம்சம் என்ற பட்டியலில்தான் கிடக்கிறது. எரிச்சல் அங்கேதான்.

அவசர செக்யூரிட்டி பேட்ச் என்றால் நிக்ஸை அடித்தளமாகக் கொண்ட நிக்ஸ்ஓஎஸ்ஸில் ரன்டைம் டிபெண்டன்சியை (ஓடும்போது தேவைப்படும் பேக்கேஜை) மட்டும் மாற்றி ஒட்டும் வசதி உண்டு. நிக்ஸ் போன்ற இன்னொரு கருவியான கைக்ஸ் இதை கிராஃப்ட் என்கிறது. பைனரிக்குள் பாதையை மேலெழுதுவதால் பழையதும் புதியதும் பெயர் நீளத்தில் ஒத்திருக்க வேண்டும், ஏபிஐயும் (ABI, பைனரிகள் ஒன்றையொன்று அழைக்கும் முறை) மாறியிருக்கக் கூடாது.

எதற்காக பில்டு ஆகிறது என்று புரியாவிட்டால் பழைய, புதிய டெரிவேஷன் இரண்டையும் நிக்ஸ்-டிஃப் கருவியில் கொடுங்கள், குற்றவாளி வரியைக் காட்டிவிடும். அதற்கு முன் ட்ரை-ரன் ஓட்டி, பில்டு ஆகப்போகும் பட்டியலின் நீளத்தைப் பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள்.

பகிர்ந்த பைனரி கேஷ் இல்லாத சின்ன டீமுக்கு? வேண்டாம். ஐந்துக்கு இரண்டுதான் கொடுப்பேன். அதற்காக, ஃபைலின் நேரத்தை மட்டும் மாற்றும் ஒரு டச் கமாண்டுக்கே ஏமாந்து பில்டு ஓட்டும் மேக்ஃபைலுக்குத் திரும்பிப் போகச் சொன்னால் மாட்டேன்.