பாரென்சானா, லூபெரோன், டஸ்கனி: பை கட்டிய சைக்கிளுக்கு எந்த வழி?

மத்தியதரைக் கடல் நாடுகளில் பழைய ஊர்கள் பெரும்பாலும் குன்றின் உச்சியில்தான் இருக்கின்றன. படை வந்தால் தூரத்திலேயே தெரிய வேண்டும் என்று மதிலை மேலே கட்டினார்கள். வயலும் தோட்டமும் கீழே. காரில் போகிறவருக்கு அது அழகான காட்சி. பின்சக்கரத்தின் இருபுறமும் பை மாட்டிச் சைக்கிள் மிதிப்பவருக்கோ அன்றைய உழைப்பு முழுவதும் அந்த மேட்டில்தான் இருக்கிறது. அதனால் இந்தப் பக்கத்து வழிகளை ஒப்பிடும்போது தூரத்தைவிட ஒரு கேள்விக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்: இந்த வழி நம்மை ஊருக்குள் எப்படி ஏற்றிவிடுகிறது? பலரும் பரிந்துரைக்கும் மூன்று வழிகளை அந்தக் கேள்வியோடு அணுகினால் மூன்றும் மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன.

முதலாவது பாரென்சானா. இத்தாலியின் திரியெஸ்தேயில் தொடங்கி, ஸ்லொவேனியாவின் சிறிய கடலோரத்தைக் கடந்து, குரோவேஷியாவின் இஸ்திரியா தீபகற்பத்தில் உள்ள பொரெச்சில் முடிகிறது; மொத்தம் 123 கி.மீ. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் காலத்தில், 1902இல் ஓடத் தொடங்கிய ரயில் இது. தண்டவாளங்களுக்கு இடையே 760 மி.மீ. மட்டுமே இருந்த குறுகிய பாதை. முதல் உலகப் போருக்குப் பின் இஸ்திரியா இத்தாலியின் கைக்குப் போனது. 1935இல் ரயில் நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். ரயில் போன தடமும் சுரங்கங்களும் கல் பாலங்களும் மிஞ்சின.

நீராவி இயந்திரத்தால் செங்குத்தான மேட்டில் ஏற முடியாது. ஆகவே பொறியாளர்கள் குன்றுகளைச் சுற்றிச் சுற்றி, நூறு மீட்டருக்கு மூன்று மீட்டரைத் தாண்டாத ஏற்றமாகப் பாதையை வளைத்துக் கொண்டுபோனார்கள். அன்றைய ரயிலுக்காகச் செய்த அந்த வேலையின் பலனை இன்று அனுபவிப்பவை நம் முழங்கால்கள். வழியின் மிக உயர்ந்த இடம் க்ரோஷ்ன்யானுக்கு அருகில், ஏறத்தாழ 290 மீட்டரில் இருக்கிறது. மூச்சு வாங்காமல் அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம். 1960களில் ஆளில்லாமல் வெறிச்சோடிக் கிடந்த இந்த ஊரில் ஓவியர்களும் சிற்பிகளும் குடியேறினார்கள். இன்றும் தெருவுக்குத் தெரு கலைக்கூடங்கள். அங்கிருந்து மிர்னா ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள லிவாதே வரை இறங்கும் பகுதிக்காகவே இந்த வழிக்குப் போகலாம். சுரங்கம், பாலம், மறுபடி சுரங்கம். எதிர்க் குன்றில் மோடோவுன் ஊரின் மதில்.

அந்த மோடோவுனில்தான் ரயில் தடத்தின் எல்லையும் தெரிகிறது. பாதை குன்றின் இடுப்பைச் சுற்றிப் போய்விடும். ஊருக்குள் நுழைய வேண்டுமானால் தனியே ஒரு கடும் ஏற்றம் ஏற வேண்டும். இறங்கித் தள்ளிக்கொண்டு போனாலும் போகவேண்டிய ஊர் அது. கீழே உள்ள காட்டில் மண்ணுக்கடியில் விளையும் டிரஃபிள் காளான், இலையுதிர் காலத்தில் அந்த வட்டாரத்துச் சமையல் எல்லாவற்றிலும் மணக்கும். கடைசியில் பொரெச்சில் 6ஆம் நூற்றாண்டின் யூப்ரேசியஸ் பேராலயமும் அதன் மொசைக் சித்திரங்களும். 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை.

குறைகளும் உண்டு. ஸ்லொவேனியாவில் பெரும்பாலும் தார், குரோவேஷியாவில் சரளைக்கல். மெல்லிய டயரோடு போனால் கை கடுத்துவிடும். சுரங்கங்களுக்கு விளக்கு அவசியம். பொரெச்சில் ரயில் நிலையம் இல்லை என்பதால் திரும்பும் வழியை முன்கூட்டியே யோசித்துவைக்க வேண்டும்.

தெற்குப் பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில் உள்ள லூபெரோன் மலைவட்டாரம், மேட்டுப் பிரச்சினையை வேறு மாதிரி தீர்க்கிறது: ஏறுவதா வேண்டாமா என்பதை நம்மிடமே விட்டுவிடுகிறது. கலவோன் பள்ளத்தாக்கின் அடியில், கவையோன்-அப்ட் பழைய ரயில் தடத்தின் மேல் தார் போட்ட சைக்கிள் பாதை ஓடுகிறது. வண்டிகள் கிடையாது, ஏற்றம் மிகக் குறைவு, குழந்தைகளோடும் போகலாம். வடக்கே கோர்து, செம்மண்ணின் நிறத்திலேயே வீடுகள் நிற்கும் ரூசியோன். தெற்கே பொன்யூ, லாகோஸ்த், மெனெர்ப். ஒரு நாளைக்கு ஓர் ஊர் என்று தேர்ந்து ஏறி, மறுபடி பள்ளத்தாக்குக்கு வந்துவிடலாம். இன்னும் வேண்டும் என்பவர்களுக்கு முழு மலையையும் சுற்றிவரும், அடையாளப் பலகைகள் வைத்த 236 கி.மீ. வட்டம் இருக்கிறது: கவையோன், அப்ட், ஃபோர்கால்கியே, மனோஸ்க், லூர்மாரன், மறுபடி கவையோன்.

இந்தப் பள்ளத்தாக்கில் என்னை மிகவும் கவர்வது ஜூலியன் பாலம். கி.மு. 3இல் ரோமானியர்கள் கட்டிய மூன்று வளைவுக் கல் பாலம், 2005 வரை கார்களைச் சுமந்தது. பக்கத்திலேயே புதிய பாலம் கட்டிய பிறகு நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் மட்டும் என்று ஆனது. இரண்டாயிரம் ஆண்டுக் கல்லின் மேல் சக்கரம் உருளும்போது, பழமையைக் கயிறு கட்டித் தள்ளி நின்று பார்க்கும் தூரம் இல்லாமல் போகிறது. இந்தக் குன்றூர்களுக்குக் கறுத்த வரலாறும் உண்டு. 1545இல் வால்தென்சியர் என்ற சீர்திருத்தக் கிறிஸ்தவர்களை அரசுப் படை இங்கே ஊர் ஊராகக் கொன்று எரித்தது. மெரிந்தோலின் இடிபாடுகள் இன்றும் குன்றின் மேல் நிற்கின்றன.

லூபெரோனின் எதிரி மிஸ்திரால் காற்று. ரோன் பள்ளத்தாக்கு வழியாக வடமேற்கிலிருந்து அடிக்கும். எழுந்தால் சில நாட்கள் விடாது. கவையோனிலிருந்து கிழக்கே போனால் பெரும்பாலும் முதுகைத் தள்ளும். மேற்கே திரும்பினால் சமதரையே மலையாகிவிடும். லவண்டர் பூக்கும் ஜூன் கடைசி, ஜூலை வாரங்களில் அறை வாடகை எகிறும்.

மூன்றாவது இத்தாலியின் டஸ்கனி, மூன்றிலும் புகழ்பெற்றது. சியேனாவைச் சுற்றியுள்ள குன்றுகளில் தார் போடாத வெண்ணிறச் சரளைச் சாலைகளை இத்தாலியர்கள் ஸ்த்ராதே பியாங்கே என்கிறார்கள். அவை தார் பூசப்பட்டு மறைந்துவிடக் கூடாது என்ற அக்கறையில் 1997இல் கயோலே இன் கியாந்தி என்ற ஊரில் லெரோயிக்கா என்ற சைக்கிள் விழா தொடங்கியது; 1987க்கு முந்தைய சைக்கிள்கள் மட்டும் ஓடும் ஓட்டம். அதன் 209 கி.மீ. வழி ஆண்டு முழுவதும் பலகைகளோடு திறந்திருக்கிறது. கியாந்தியின் திராட்சைத் தோட்டங்கள், மொந்தால்சினோ, வெறும் களிமண் மேடுகளான கிரேதே செனேசி எல்லாம் அதில் அடங்கும். கொஞ்சம் விலகினால் வால் தோர்ச்சா பள்ளத்தாக்கில் பியென்சா: தான் பிறந்த சிற்றூரைப் போப் இரண்டாம் பயஸ் 1459 முதல் மாதிரி நகரமாக மாற்றிக் கட்டிய இடம்.

ஆனால் இங்கே மேட்டிலிருந்து தப்பிக்க வழியே இல்லை. சாலை முகடு முகடாக ஏறி இறங்குகிறது. முழு வட்டத்தில் சேரும் ஏற்றம் 3,500 மீட்டருக்கும் மேல். தளர்ந்த சரளையில் செங்குத்தாக ஏறும்போது, பின்னால் கனமான பை இருந்தால் முன்சக்கரம் தூக்கும், பின்சக்கரம் வழுக்கும். மழை பெய்தால் களிமண் டயரில் அப்பிக்கொள்ளும். கோடையில் கிரேதே பகுதியில் ஒதுங்க நிழல் கிடைப்பது அரிது. இந்த நிலத்தின் அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. மூன்றிலும் கண்ணுக்கு நிறைவானது இதுதான். ஆனால் முதன்முறையாகப் பை கட்டிக் கிளம்புகிறவருக்கு டஸ்கனியைப் பரிந்துரைப்பவர்கள் அவருக்கு நன்மை செய்யவில்லை. ஒரே விடுதியில் தங்கி, பையை அங்கேயே விட்டு, தினமும் ஒரு வட்டம் போவதே இங்கே பொருத்தம். அக்டோபர் தொடக்கத்தில் விழா நடக்கும் நாட்களில் கயோலேயில் அறை கிடைப்பது கடினம்.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் என் ஓட்டு லூபெரோனுக்கு. அன்றன்றைய உடம்பின் நிலைக்கு ஏற்பத் திட்டத்தை மாற்றிக்கொள்ள இடம் கொடுப்பது அது மட்டும்தான். ஒருவர் மலையேற, இன்னொருவர் பள்ளத்தாக்கில் போக, இருவரும் மாலையில் ஒரே ஊரில் சேரலாம். கையில் மூன்று நாள்தான் இருக்கிறது, செலவும் குறைய வேண்டும் என்றால் தயங்காமல் பாரென்சானா. குரோவேஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் பகுதியிலும் யூரோவிலும் சேர்ந்துவிட்டதால், ஒரே விசாவில், ஒரே நாணயத்தில் மூன்று நாடுகளைக் கடந்துவிடலாம்.

எங்கே போனாலும் சித்திரை-வைகாசி அல்லது செப்டம்பர் நல்லது. சிற்றூர்க் கடைகள் மதியம் பூட்டிவிட்டு மாலையில்தான் திறக்கும். ரொட்டியும் தண்ணீரும் காலையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். லூபெரோனுக்கு 32 மி.மீ. டயர் போதும், மற்ற இரண்டுக்கும் 40 மி.மீ.க்குக் குறைந்தால் வேண்டாம்.