டூ-ஸ்ட்ரோக் ஹெட்: சீவினால் மட்டும் போதாது

டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டின் அடிமுகத்தை லேத்தில் சீவுவது ஒரு வேலை, உள்வடிவத்தை மாற்றுவது வேறு வேலை. சீவியதோடு நிறுத்திவிட்ட இன்ஜின் ஆரம்பத்தில் பிரமாதமாக இழுக்கும். பிறகு ஒரு நீண்ட மேட்டில் ஃபுல் த்ராட்டிலில் ஏறும்போது பிஸ்டன் தலையில் ஓட்டை விழலாம். வடிவம் மாற்றிய ஹெட் அப்படி இல்லை. பல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியும் அதே பிக்கப்போடு ஓடுகிறது.

கணக்குக்கு 50 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 50 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) கொண்ட 98 சிசி ஏர்-கூல்டு இன்ஜினை எடுத்துக்கொள்வோம். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவே 1.6 மி.மீ. இடைவெளி இருக்கிறது, மேலே கலவை எரியும் அறையின் கொள்ளளவு 9.5 சிசி. ஸ்குவிஷ் எனப்படும் இந்த ஓர இடைவெளியை 1 மி.மீட்டருக்குக் கொண்டுவர 0.6 மி.மீ. சீவ வேண்டும். அதனால் அறையில் 1.2 சிசி குறைந்து 8.3 ஆகிவிடும். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட் மூடும்போது பிஸ்டன் உச்சியிலிருந்து 27 மி.மீ. கீழே இருந்தால், அதன் மேல் அடைபடுவது 53 சிசி. ஆக கம்ப்ரஷன், அதாவது கலவை எத்தனை மடங்கு நசுங்குகிறது என்ற விகிதம், 6.6-லிருந்து 7.4-க்குத் தாவுகிறது. (சில மேனுவல்களில் 11, 12 என்று இருப்பது முழு ஸ்ட்ரோக்கை வைத்துப் போட்ட கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.) காற்றில் குளிரும் இன்ஜின், சாதாரண பெட்ரோல், தினசரி ஓட்டம் என்றால் 7.4 அதிகம். 6.5-க்கும் 7-க்கும் நடுவே நிறுத்துவதே நல்லது.

அதனால் சீவிய பிறகு ஹெட்டின் நடுக்குழியை ஆழமாக்கிக் கொள்ளளவைத் திருப்பித் தர வேண்டும். குழியின் விட்டம் 36 மி.மீ. என்றால் 1 மி.மீ. ஆழத்துக்கு 1 சிசி கிடைக்கும். அறை 9.3 சிசி, கம்ப்ரஷன் 6.7 என்று அமையும். சுற்றிலும் 7 மி.மீ. அகலப் பட்டை மிஞ்சும். போரின் பரப்பில் அது 48 சதவீதம். கம்ப்ரஷனைப் பெரிதாக ஏற்றாமலே வண்டி மாறிவிடுவதற்குக் காரணம் இந்தப் பட்டைதான். பிஸ்டன் மேலே வரும்போது ஓரத்தில் இருக்கும் கலவையை நடுவே பிதுக்கித் தள்ளுகிறது, கலவை கலங்கி வேகமாக எரிகிறது. ஓரத்தில் மிஞ்சும் மெல்லிய படலமும் இருபக்க உலோகத்தால் குளிர்ந்து, தானாக வெடிக்காமல் அடங்கிக் கிடக்கிறது. 1.5 மி.மீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் பிதுக்கலும் குறைவு, குளிர்ச்சியும் குறைவு. நாக்கிங், அதாவது கலவை தானாக வெடிப்பது, பிறப்பது அந்த இடத்தில்தான்.

இடைவெளியை அளக்க 2 மி.மீ. சால்டரிங் கம்பி போதும். ப்ளக் துளை வழியே, சிலிண்டர் சுவரைத் தொடும்வரை, பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பின்னின் நீளவாக்கில் விட வேண்டும். அந்தப் பின்னுக்குக் குறுக்கே விட்டால் பிஸ்டன் சாய்ந்துகொடுத்துப் பொய் அளவு காட்டும். கிராங்க்கைக் கையால் ஒருமுறை சுற்றி, நசுங்கிய நுனியை வெர்னியரில் பிடிக்க வேண்டும். எதிர்ப்பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் 0.1 மி.மீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஹெட் முகமோ சிலிண்டர் அடிப்பகுதியோ கோணல். அதைச் சரிசெய்யாமல் வெட்டத் தொடங்கக் கூடாது.

லேத்தில் ஹெட்டை நேரடியாகச் சக்கில் கவ்வினால் ஃபின் உடையும், மையமும் தவறும். ப்ளக் துளை நேராக இருக்கும் ஹெட்டுக்கு, 14 மி.மீ., 1.25 பிட்ச் மரையில் ஒரு மாண்ட்ரலை (ஹெட்டைத் தாங்கும் தண்டை) அதே சக்கிலேயே கடைந்து, கழற்றாமல் ஹெட்டை அதில் முறுக்குவதே சரி. ப்ளக் சாய்ந்திருக்கும் ஹெட் என்றால் ஸ்டட் துளைகளைப் பிடிக்கும் தட்டு வேண்டும். பட்டையின் சாய்வு பிஸ்டன் தலையின் வளைவை ஒட்டியிருக்க வேண்டும். நடுவை நோக்கி 1 பாகை விரிந்தால் பரவாயில்லை, குறுகக் கூடாது. பட்டையும் குழியும் சேரும் விளிம்பைக் கூராக விட்டால் அது பழுத்துச் சிவந்து, ஸ்பார்க்குக்கு முன்பே பற்றவைத்துவிடும். எமரித்தாளால் அரை மி.மீ. அளவுக்கு மழுக்கினால் போதும். குழி ஆழமான பின் ப்ளக்கின் மரை உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்; அந்த மரையும் அதே போலச் சூடேறும்.

மாட்டியதும் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் விழும் நேரத்தை, தொடாமல் விடுவது பலர் செய்யும் தவறு. கலவை வேகமாக எரிவதால் 1 அல்லது 2 பாகை தாமதமாக்க வேண்டும். கிக்கர் திருப்பி அடித்தால் டைமிங் இன்னும் முன்னால் இருக்கிறது என்று அர்த்தம். ப்ளக் ஒரு படி குளிர்ந்த வகையாக இருக்கட்டும். முதல் சில சூடேற்றங்களுக்குப் பின், இன்ஜின் முழுக்க ஆறியதும் ஹெட் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக மேனுவல் அளவுக்கு மறுபடி முறுக்க வேண்டும். கேஸ்கெட் ஓரத்தில் கறுப்பு எண்ணெய்க்கசிவு தெரியும் வண்டிகளில் பெரும்பாலும் விட்டுப்போனது இதுதான்.

ஓட்டத்தில் முதலில் தெரிவது நடு ஆர்பிஎம்மின் இழுவை. மேட்டில் ஒரு கியர் குறைக்க வேண்டிய இடத்தில் குறைக்காமலே ஏறும். உச்ச ஆர்பிஎம்மில் அந்த அளவு லாபம் இல்லை. கம்ப்ரஷனையும் கூட்டியிருந்தால் சைலன்சருக்குப் போகும் புகையின் சூடு குறைந்து, கடைசி முறுக்கலில் கொஞ்சம் இழப்புகூட வரும். ரேஸ் வேகத்தை எதிர்பார்ப்பவருக்கு இது ஏமாற்றம், தினம் ஓட்டுகிறவருக்கு வரம்.

நாளாக ஆகக் கவனிக்க வேண்டியது பட்டையின் நிறம். ஹெட்டைத் திறக்கும்போது ஓரம் சுத்தமாக, நடுவில் மட்டும் பழுப்புப் படிவு இருந்தால் இடைவெளி சரியாக வேலை செய்கிறது. பிஸ்டன் ஓரத்தில், அதுவும் எக்ஸாஸ்ட் பக்கம், மணல் அடித்ததுபோல் பொடிப்பள்ளங்கள் தெரிந்தால் நாக்கிங் தொடங்கிவிட்டது. ப்ளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோலப் புள்ளிகளும் இருக்கும். ஒரே பக்கம் பளபளவென்று தேய்ந்த பிறை வடிவத் தழும்பு இருந்தால் பிஸ்டன் ஹெட்டைத் தொடுகிறது. கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் பிக் எண்ட் பேரிங் தேயத் தேய, உயர் ஆர்பிஎம்மில் பிஸ்டன் இன்னும் கொஞ்சம் மேலே எகிறும். புது கிராங்க்கில் 0.8 மி.மீ. தாங்கும், ஓடிய கிராங்க்குக்கு 1 மி.மீ. விட்டுவைப்பதே பாதுகாப்பு. கிராங்க், பிஸ்டன், பேஸ் கேஸ்கெட், ஹெட் கேஸ்கெட் இவற்றில் எதை மாற்றினாலும் பழைய அளவு செல்லாது. கம்பியை விட்டு மறுபடி அளந்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.