சென்னை – சிங்கப்பூர் டிக்கெட்டில் "பறக்கும் நேரம் 5 மணி 15 நிமிடம்" என்று இருந்தால் பணம் கட்டாதீர்கள்

சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரிடம் இந்த ஏமாற்று அதிகம் நடக்கிறது. ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தில் பறக்கும் நேரம் மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும். விலையும் சில ஆயிரம் குறைவு. பணம் கட்டிய பிறகு கைக்கு வரும் டிக்கெட் இப்படி இருக்கிறது: சென்னை 23:55, கோலாலம்பூர் 06:30. கோலாலம்பூர் 12:10, சிங்கப்பூர் 13:20. இரண்டுக்கும் தனித்தனி பிஎன்ஆர் (முன்பதிவு எண்).

கணக்கைப் பாருங்கள். மலேசியாவும் சிங்கப்பூரும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கின்றன. முதல் விமானம் 4 மணி 5 நிமிடம், அடுத்தது 1 மணி 10 நிமிடம். கூட்டினால் 5:15 சரிதான். ஆனால் வீட்டு வாசலில் காத்திருக்கும் பிள்ளைக்கு அது 10 மணி 55 நிமிடப் பயணம். நடுவில் கிடக்கும் 5 மணி 40 நிமிடத்தை ஏஜென்ட் சொல்லவே இல்லை.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் வான்வழியில் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். தூரத்தை 800-ஆல் வகுத்து அரை மணி கூட்டினால் நேர் விமானத்தின் நேரம் கிட்டத்தட்ட வந்துவிடும்: இங்கே 4 மணி சொச்சம். அதைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகக் காட்டினாலே எங்கோ இறங்கி ஏறுகிறது என்று பொருள். திரும்பும்போது 20:40-க்கு ஏறி 22:25-க்குச் சென்னை என்று இருப்பதைப் பார்த்து ஒன்றே முக்கால் மணி நேரம்தான் என்று நினைக்காதீர்கள். அதுவும் 4 மணி 15 நிமிடம்தான்.

நேரத்தைவிடப் பெரிய சிக்கல் தனித்தனி பிஎன்ஆர். பெட்டி சிங்கப்பூர் வரை தானாகப் போகாது. கோலாலம்பூரில் குடிநுழைவு முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அடுத்த விமானம் வேறு டெர்மினலில் என்றால் ரயிலோ பஸ்ஸோ பிடிக்க வேண்டும். மலேசியாவுக்குள் நுழைவதால் அந்த நாட்டின் டிஜிட்டல் வருகை அட்டையும் தேவை. வருவதற்கு முன் 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும். இந்தியர்களுக்கான 30 நாள் விசா விலக்கு காலக்கெடு வைத்துக் கொடுத்த சலுகை, பயண நாளில் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் விசா எப்படியும் வேண்டும். முதல் டிக்கெட்டில் பெட்டிக்கு இடம் இருந்து இரண்டாவதில் இல்லாமல் போவதும் சகஜம்; கவுன்டரில் கட்டும் பெட்டிக் கட்டணம் முன்பே கட்டுவதைவிட அதிகம். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் அந்த டிக்கெட் போனதுதான். ஒரே பிஎன்ஆராக இருந்தால் மாற்று விமானம் ஏற்பாடு செய்வது விமான நிறுவனத்தின் பொறுப்பு. வயதானவர்கள் தனியாகப் போகும்போது இந்த வேறுபாடுதான் எல்லாம்.

பணம் கட்டும் முன் ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள்: ஒரே பிஎன்ஆரா, பெட்டி எதுவரை போகும், எந்த டெர்மினல். பதில் குரல் செய்தியாக மட்டும் வந்தால் விட்டுவிடுங்கள். டிக்கெட் வந்ததும் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் பிஎன்ஆரும் பெயரும் போட்டு, கன்ஃபர்ம் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஹோல்டில் வைத்த, அதாவது பணம் கட்டாமல் தற்காலிகமாகப் பிடித்து வைத்த பிஎன்ஆரையே டிக்கெட் என்று அனுப்புகிறவர்களும் உண்டு. முழுச்சேவை விமானமென்றால் 13 இலக்க இ-டிக்கெட் எண் இருக்க வேண்டும்.

டெல்டா மாவட்டத்துக்காரர்கள் சென்னைக்கே வர வேண்டியதில்லை; திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம் இருக்கிறது, நேரமும் ஏறக்குறைய அதேதான். இதையும் பல ஏஜென்ட்கள் சொல்வதில்லை.

ஏற்கெனவே சிக்கியிருந்தால் அந்த வாட்ஸ்அப் படத்தை அழித்துவிடாதீர்கள். பணம் கட்டிய ரசீதோடு சேர்த்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுங்கள். டிக்கெட்டே போலி என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.